பழைய காமிக்ஸ் கலர் ப்ரூஃப்: மஞ்சள் தாளிலிருந்து தொடங்குங்கள்

காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கையில் ஒரு கலர் ப்ரூஃப் கட்டு, அதாவது மெஷினில் ஓட்டுமுன் வண்ணம் சரிபார்க்க எடுத்த தாள்கள், கிடைத்தால், நான்கு வண்ணமும் சேர்ந்த கடைசித் தாளை உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீதித் தாள்கள் கடையிலேயே கிடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். எனாமல் தூக்குக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே கிடந்த ஒரு கட்டைக் காட்டி, "அது அச்சு சரியா விழாத காகிதம்க்கா, எடைக்குப் போடத்தான்" என்றான் கடைப் பையன். பிரித்துப் பார்த்தேன். ஒரு தாளில் வெறும் மஞ்சளில் ஒரு குதிரைவீரன், அடுத்ததில் அதே வீரன் மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பில். அச்சு ஒழுங்காகத்தான் விழுந்திருக்கிறது. கடைசித் தாளில் இருக்கும் படம் புத்தகத்தின் அட்டையிலேயே கிடைக்கும். ஒற்றை வண்ணத் தாள்களில் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது.

நான் சிவகாசியில் ஒரு பிராசஸ் ஸ்டுடியோவில் (அச்சுக்கு ஃபிலிம் தயாரிக்கும் இடம்) ஃபிலிம் டச்சிங் வேலை பார்த்தவள். லைட் டேபிள் முன்னால் உட்கார்ந்து, பாசிட்டிவ் ஃபிலிமில் ஓட்டை அடைப்பதும் டாட் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி) கரைப்பதும்தான் பிழைப்பு. காலண்டர், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை, நடுநடுவே காமிக்ஸ் அட்டை. இப்போது பள்ளத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். யாராவது ஒரு கட்டைக் கொண்டுவந்து "இது என்னக்கா?" என்று கேட்டால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசைப்படுத்துங்கள்

வண்ணத்தை ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டும் கட்டுக்குப் புரோகிரஸிவ் என்று பெயர். முழுசான ஒரு புரோகிரஸிவ் கட்டில் பெரும்பாலும் 7 தாள் இருக்கும். மஞ்சள் மட்டும். மெஜந்தா மட்டும். மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தது. சயான் (அச்சு நீலம்) மட்டும். மூன்றும் சேர்ந்தது. கறுப்பு மட்டும். அப்புறம் நான்கும் சேர்ந்தது. சில இடங்களில் ஒன்றிரண்டு தாள் கூடும், குறையும். வரிசையையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். ஆனாலும் மஞ்சளில் ஆரம்பித்து மேலே மேலே ஏற்றும் முறைதான் அதிகம். தரையில் இந்த வரிசையில் பரப்பிவைத்தால் எது காணாமல் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இத்தனை தாள் எதற்கு என்பது மெஷின் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் சட்டென்று விளங்கும். சிங்கிள் கலர் ஆஃப்செட் மெஷினில் ஒரு நேரத்தில் ஒரு வண்ணம்தான் ஓடும். இன்று மஞ்சள் ஓட்டி, தாள் காய்ந்த பிறகு அதே தாளில் மெஜந்தா ஓட்டுவார்கள். மெஜந்தா ஓடும்போது மெஷின்மேன் கையில் இருப்பது மஞ்சளும் சிவப்புமான, பாதி வெந்த படம். முகம் சரியாக வந்திருக்கிறதா, இங்க் கூடிவிட்டதா என்று அவர் எதோடு ஒப்பிடுவார்? நான்கு வண்ணத் தாளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. 'மஞ்சள் + மெஜந்தா' தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்க் சாவியைத் திருகுவார். கறுப்பு ஓடி முடிந்த பிறகு "மஞ்சள் கம்மியா இருக்கே" என்று கண்டுபிடித்தால் அத்தனை ரீம் காகிதமும் வீண். இந்தத் தாள்கள் மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்கப் போட்டவை. அதனால்தான் நல்ல கட்டுகளில் விரல் கறையும், மண்ணெண்ணெய்த் துளியும், மூலையில் ஆணி ஓட்டையும் இருக்கும். கறை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். நான் வாங்குவதாக இருந்தால் கறை உள்ளதைத்தான் எடுப்பேன்.

ப்ரூஃப் போட்ட மெஷினையும் சொல்லிவிடுகிறேன். நீளமான மேஜை போன்ற ஒன்று. ஒரு பக்கம் படம் ஏறிய பிளேட், ஒரு பக்கம் காகிதம், இரண்டின் மேலும் ரப்பர் பிளாங்கெட் சுற்றிய உருளை உருண்டு போகும். பிளேட்டில் இருக்கும் மையை வாங்கிக் காகிதத்தில் வைத்துவிட்டுத் திரும்பும். ஒரு வண்ணம் முடிந்ததும் ரோலர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த வண்ணம். நாலைந்து பிரதி எடுக்கவே அரை நாள் போய்விடும். அதனால் ஒரு கட்டுக்கு இன்னொரு நகல் கிடைப்பது அபூர்வம்.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது

செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரு இடைஞ்சலும் உண்டு.

வசதி வளவுதான். நடு முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சம், தூணைத் தாண்டிப் பட்டாசாலைக்கு வரும்போது நன்றாகப் பரவியிருக்கும். காலை பத்து மணி வாக்கில், வெயில் நேரே விழாத தூண் நிழலில் தாளை வையுங்கள். டியூப் லைட் அடியில் வேண்டாம், குண்டு பல்ப் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் மஞ்சள் தாள் வெள்ளைத்தாளாகத் தெரியும். அச்சகங்களில் வண்ணம் பார்க்க 5000 கெல்வின் விளக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது இல்லாத காலத்தில் நாங்களும் வாசலுக்குத்தான் ஓடுவோம்.

இடைஞ்சல், ஆத்தங்குடிக் கல். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூப்போட்ட தரையின் மேல் ப்ரூஃபை வைத்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். தாளில் உள்ள சிவப்பு செத்துப்போனதாகத் தோன்றும். ஜன்னலுக்கு மேலே கலர் கண்ணாடி பதித்திருந்தால் அதிலிருந்து விழும் நிறம் இன்னொரு தொல்லை. தாளுக்கு அடியில் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பெரிதாக விரித்துவிடுங்கள். சுற்றி நாலு விரல்கடை சாம்பல் தெரியட்டும். சுவர் முட்டைப்பூச்சு வெள்ளையாக இருந்தால் அதன் பக்கமாகத் திரும்பி உட்காருங்கள். கட்டியிருக்கும் புடவைகூடக் கணக்கில் வரும். அரக்குச் சிவப்புக் கண்டாங்கி கட்டிக்கொண்டு மெஜந்தா பார்க்கக் கூடாது.

மஞ்சள் மட்டும் உள்ள தாள் எந்த வெளிச்சத்திலும் வெறும் கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. நீலக் கண்ணாடித்தாளைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு பாருங்கள். மஞ்சள் மை கறுத்துப் படம் முழுக்க எழுந்து வரும். மெஜந்தாவுக்குப் பச்சைத் தாள், சயானுக்குச் சிவப்புத் தாள். அலங்காரச் சாமான் விற்கும் கடையில் மூன்றும் கிடைக்கும். இப்படிப் பார்க்கும்போதுதான் வீரனின் தோல்பட்டையில் மஞ்சள் எவ்வளவு, வானத்தின் அடியில் மஞ்சளை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். டச்சிங் செய்தவர் கை எங்கே ஓடியிருக்கிறது என்பதும் தெரியும்.

அடுத்து லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஒவ்வொரு வண்ணத்தின் டாட் வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும்: மஞ்சள் 0 டிகிரி, சயான் 15, கறுப்பு 45, மெஜந்தா 75 என்பது பரவலான வழக்கம். மெஜந்தாவையும் கறுப்பையும் மாற்றிப் போடும் இடங்களும் உண்டு. கோணம் ஏன் முக்கியம் என்றால், நான்கும் ஒரே சாய்வில் விழுந்தால் படத்தில் அலை அலையாகக் கோலம் விழுந்துவிடும். உங்கள் கட்டில் சயான் தாளும் மெஜந்தா தாளும் ஒரே கோணத்தில் இருந்தால், வேறு வேறு கட்டுகளிலிருந்து வந்து சேர்ந்துவிட்டதா என்று சந்தேகப்பட வேண்டும்.

கண் பழக ஒரு வழி: பல வீடுகளில் இன்னும் ரவிவர்மா படங்கள் மாட்டியிருக்கிறது இல்லையா, அதில் ஒன்றின் முன்னால் லென்ஸோடு நில்லுங்கள். 1894-இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தில் கல்லில்தான் அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். அங்கே புள்ளிகள் கையால் வைத்தவை. நெருங்கியும் விலகியும் ஒழுங்கில்லாமல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ப்ரூஃபைப் பார்த்தால் ஸ்கிரீன் போட்ட, அதாவது ஒழுங்கான வரிசையில் விழுந்த டாட் எது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

ஓரம்தான் பேசும்

படத்தைச் சுற்றி வெள்ளையாக விட்ட ஓரத்தை ஒழுங்காகப் படித்தால் பாதிக் கதை அங்கேயே இருக்கிறது. நான்கு பக்கமும் சின்னச் சிலுவைக் குறி இருக்கும், அது ரிஜிஸ்டர் மார்க். வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுவதுதான் ரிஜிஸ்டர். நான்கு வண்ணத் தாளில் அந்தச் சிலுவையை லென்ஸில் பாருங்கள். ஒரே கறுப்புக் கோடாக இருந்தால் ரிஜிஸ்டர் சுத்தம். கறுப்புக்குப் பக்கத்தில் மெஜந்தா எட்டிப் பார்த்தால் தாள் நகர்ந்திருக்கிறது, அல்லது காகிதம் ஈரத்தில் நீண்டிருக்கிறது. மூலையில் இருப்பவை கட்டிங் மார்க். படம் அந்தக் குறியைத் தாண்டி 3 மில்லிமீட்டர் அளவு வெளியே ஓடியிருக்கும். அச்சான புத்தகத்தில் பார்க்கவே முடியாத அந்தக் கீற்றில் ஓவியர் கையெழுத்தின் வால்கூட அகப்படலாம். சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக இருந்தால் அது கலர் பார். மை எவ்வளவு அடர்த்தியாக விழுந்தது என்று அளக்க வைத்தது.

அதைவிட முக்கியம் பென்சில் எழுத்து. "முகத்தில் சிவப்பு குறை", "டைட்டில் மஞ்சள் கூட்டு", "வானம் அழுக்கு". பார்ட்டியோ (அச்சு வேலை கொடுத்தவர்) ஆர்ட்டிஸ்டோ எழுதியிருப்பார்கள். இதில் 'குறை' என்பதற்கும் 'கூட்டு' என்பதற்கும் எங்கள் மேஜையில் பெரிய வித்தியாசம். பாசிட்டிவில் டாட்டைக் குறைக்க பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் கலந்த கரைசலைத் தூரிகையில் எடுத்து அந்த இடத்தில் மட்டும் தடவி, ஒற்றி, தண்ணீரில் அலசினால் போதும். டாட்டின் ஓரம் கரைந்து சின்னதாகிவிடும். கூட்டச் சொன்னால் நெகட்டிவுக்குப் போக வேண்டும். அதில் கரைத்து, அங்கிருந்து புதிதாகப் பாசிட்டிவ் எடுக்க வேண்டும். எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரு வார்த்தைதான். 'கூட்டு' என்று நாலு இடத்தில் எழுதிய ப்ரூஃப் வந்தால் அன்று சாப்பாடு தாமதம் என்று அர்த்தம்.

ஒரே அட்டைக்கு இரண்டு ப்ரூஃப் கிடைத்தால், முதல் தாளில் உள்ள குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டாம் தாளில் அது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் நடந்திருக்காது. கடைசியில் தலைக்கு மேல் தேதி நெருங்க, "ஓகே" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

ப்ரூஃபும் புத்தகமும் ஒன்றுபோல் இருக்காததற்கு இன்னொரு காரணம் காகிதம். ப்ரூஃப் ஆர்ட் பேப்பரில் எடுப்பார்கள். மை மேலேயே நின்று பளபளக்கும். புத்தகம் மட்டக் காகிதத்தில் ஓடினால் மை உள்ளே இறங்கிப் பரவும். 50 சதவீத டாட் நியூஸ்பிரிண்டில் 70-ஐத் தாண்டித் தெரியும். ப்ரூஃபில் ரோஜா நிறமாக இருந்த கன்னம் புத்தகத்தில் செங்கல் நிறமாவது இப்படித்தான். அதனால் "ஒரிஜினல் கலர் ப்ரூஃபில்தான் இருக்கு" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மட்டக் காகிதத்துக்காகவே வேண்டுமென்றே வெளிறப் போட்ட ப்ரூஃபும் உண்டு.

அமெரிக்கப் பக்கங்கள் என்றால் கணக்கு வேறு

நம் ஊரில் 1972-இல் முத்து காமிக்ஸ் வந்த காலத்திலிருந்து வெகுநாள் வரை உள்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தன. நான்கு வண்ண ப்ரூஃப் அட்டைக்குத்தான். அமெரிக்காவில் உள்பக்கமும் வண்ணம். ஆனால் நாற்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை அந்த உள்பக்கங்களுக்கு இப்படி ஏழு தாள் போட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாகக் கலர் கைடு. மை போட்ட பக்கத்தைச் சின்னதாக நகலெடுத்து, டாக்டர் மார்ட்டின்ஸ் என்ற கம்பெனிச் சாயத்தால் கையால் வண்ணம் தீட்டி, ஒவ்வொரு இடத்திலும் குறியீடு எழுதிவிடுவார்கள். ஒய் என்றால் மஞ்சள், ஆர் சிவப்பு, பி நீலம். பக்கத்தில் 2 போட்டால் 25 சதவீதம், 3 போட்டால் 50, எண் இல்லாவிட்டால் முழுசு. 'ஒய்2 ஆர்2' என்றால் வெள்ளைக்காரத் தோல் நிறம். 'ஒய் ஆர்' நல்ல சிவப்பு. 'ஒய் பி' பச்சை. மூன்று மைக்கும் நாலு நாலு நிலை, ஆக மொத்தம் 64 வண்ணம். அத்தனை சாகசமும் அந்த 64-க்குள்தான்.

இந்தக் கைடுகள் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் ஊரிலிருந்த கெமிக்கல் கலர் பிளேட் போன்ற இடங்களுக்குப் போகும். அங்கே பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு மைக்கும் 25, 50, 100 என்று மூன்று அசிடேட் தாள், ஆக ஒரு பக்கத்துக்கு ஒன்பது தாளில், வண்ணம் வர வேண்டிய இடத்தை எல்லாம் ஒளி புகாத பெயிண்டால் அடைப்பார்கள். அப்புறம் ஸ்கிரீன் போட்டு ஃபிலிமாக்கி, பிளேட் செய்து, இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா ஊரில் ரோட்டரி மெஷினில் ஓட்டினார்கள். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஒளி புகாத பெயிண்டும் தூரிகையுமாக உட்கார்ந்தவள் என்ற முறையில் அவர்களை என் சக வேலைக்காரிகள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே யாராவது "பழைய அமெரிக்க காமிக்ஸ் உள்பக்கத்தின் புரோகிரஸிவ் செட்" என்று விற்க வந்தால் நிதானமாகக் கேளுங்கள். அட்டையாக இருந்தால் நம்பலாம். பளபளப்பான காகிதத்தில் தனியாக அச்சான அட்டைகளுக்கு ப்ரூஃப் எடுத்தார்கள். உள்பக்கமாக இருந்தால் கலர் கைடா என்று பாருங்கள்: கைத்தூரிகைச் சாயம், கோட்டைத் தாண்டி வழிந்த வண்ணம், ஓரத்தில் குறியீடு.

முழு ப்ரூஃப் பார்க்காமல் ஓட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு மார்வெல் காமிக்ஸின் ராட்சத நாயகன் ஹல்க் கதை போதும். 1962-இல் முதல் இதழில் அவனைச் சாம்பல் நிறமாக வேண்டும் என்றார் கதை எழுதிய ஸ்டான் லீ. அந்த மெஷினில் கறுப்பு கோட்டுக்கு மட்டும்தான். சாம்பலை மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றின் லேசான டின்ட்டைச் சேர்த்துத்தான் வரவழைக்க வேண்டும். மூன்றில் ஒன்று கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நிறம் ஓடிவிடும். ஒரே இதழில் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு சாம்பலாக வந்து நின்றான். இரண்டாவது இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். பச்சைக்கு இரண்டு மை போதும், லேசாக ஏறி இறங்கினாலும் அது பச்சைதான்.

அசலா என்று பார்க்க

ப்ரூஃபில் பெரும்பாலும் ஒரு படம் ஒரு தடவைதான் இருக்கும். ஒரே அட்டை நாலு, எட்டு என்று ஒரே தாளில் இருந்தால் அது மெஷினில் ஓடிய தாள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று படம் விழுந்திருந்தால் அது மேக்-ரெடி வேஸ்ட். மெஷினைச் சரிபார்க்கப் பழைய தாளையே திரும்பத் திரும்ப விட்டது. அதுவும் அழகுதான், வாங்கலாம், ஆனால் ப்ரூஃப் விலை கொடுக்காதீர்கள்.

புதிதாக பிரிண்டரில் எடுத்த போலியை லென்ஸ் காட்டிக்கொடுக்கும். இங்க்ஜெட் புள்ளி மணல் தூவியதுபோல் இருக்கும். ஒழுங்கான வரிசை இருக்காது. 'மஞ்சள் மட்டும்' தாளில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். லெட்டர்பிரஸ் (மேடான அச்சைத் தாளில் அழுத்தும் முறை) ப்ரூஃப் என்றால் டாட்டின் விளிம்பில் மை ஒதுங்கி வளையம் கட்டியிருக்கும், தாளின் பின்பக்கம் விரலுக்கு லேசான மேடு தட்டும். ஆஃப்செட்டில் இரண்டும் இருக்காது. எழுபதுகளுக்குப் பிறகான கட்டில் வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சோடு ஒன்று வந்தால் அது குரோமலின். மைக்குப் பதிலாக வண்ணப் பொடி. நான்கு நிறத்தில் நான்கு கண்ணாடித் தாள் ஒரு அட்டையில் கீல்போல ஒட்டியிருந்தால் அது த்ரீ எம் கலர்-கீ. இரண்டுமே ஃபிலிமிலிருந்து நேரே எடுத்தவை. கலர்-கீ தாள்களைத் தனித்தனியாகப் பிய்த்துப் பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், திரும்ப ரிஜிஸ்டருக்கு வராது.

ஒற்றை வண்ணத் தாள்கள் நாலும் இருந்து கடைசித் தாள் மட்டும் இல்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாலையும் ஒரே அளவில் ஸ்கேன் செய்து, படம் திருத்தும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லேயர்களை 'மல்டிப்ளை' முறையில் வையுங்கள். சிலுவைக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை நகர்த்துங்கள். மஞ்சள் தாளை ஸ்கேனர் வெளுக்கப் பார்க்கும். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு லேயராக அணைத்து அணைத்துப் பார்ப்பதில் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள், என் பேத்தி உட்பட.

வைத்திருக்க

மாசி, பங்குனி வெயிலில் காகிதம் முறுகும், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறும். வெளிச்சுவரில் சாய்த்த இரும்பு டிரங்குப் பெட்டி வேண்டாம். உள்கட்டில், தரையிலிருந்து உயர்த்தி, படுக்கை வசமாக வையுங்கள். தாளுக்குத் தாள் நடுவே அமிலம் இல்லாத வெள்ளைத்தாள். லேமினேஷன் கூடாது, செலோ டேப் கூடாது. ராமபாணத்துக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம், தாளில் படாமல். உங்கள் குறிப்பு எதுவானாலும் உறைமேல் எழுதுங்கள், தாளில் வேண்டாம்; இன்னும் பத்து வருஷத்தில் எது பார்ட்டி எழுதியது, எது நீங்கள் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

சட்டம் போடுவதாக இருந்தால் நகலைப் போடுங்கள். மஞ்சளும் மெஜந்தாவும்தான் வெயிலுக்கு முதலில் வெளுக்கும். இல்லை, அசலைத்தான் மாட்டுவேன் என்றால், கொடுக்கும்போதே கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஓரத்தை வெட்டாதீங்க." சிலுவையும் கலர் பாரும் அழுக்கென்று நினைத்து, கேட்காமலே சுத்தமாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறையின் மேல் குத்திவிட்டு வந்தால் இன்னும் நல்லது.